ரத்தத் துளியைக் காட்டும் விளக்கு: ரிச்சி தெரு மாடிக் கடை

ரிச்சி தெருவுக்கு டார்ச் விளக்கு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தெருவோரத்திலேயே பேரம் பேசி ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் இங்கே எழுதுவது அப்படிச் சட்டென்று கண்ணில் படாத கடை. மீரான் சாகிப் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், செல்போன் உதிரிபாகக் கடைக்கும் சிசிடிவி கேமரா கடைக்கும் நடுவே செங்குத்தாக ஒரு படிக்கட்டு ஏறுகிறது. முதல் மாடியில் எட்டுக்கு எட்டு அறை. பெயர்ப் பலகை கிடையாது. நீள மேசை, அதன்மேல் சாலிடரிங் இரும்பு, சிறிய மின்சாரச் சூட்டுத் தட்டு, நகைக் கடைத் தராசு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். டார்ச்சைப் பிரித்து, உள்ளே இருக்கும் எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, கேட்பவரின் வேலைக்குத் தகுந்த வேறு எல்.இ.டி.யைப் பொருத்தித் தருவதுதான் கடைக்காரரின் தொழில். புகைப்படக்காரர்களும் துணிக்கடைக்காரர்களும் அவரைத் தேடி வருகிறார்கள். நான் போனது மானுக்காக.

கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு குடியிருப்பு வளாகத்தில் வசிக்கிறேன். பூங்காவின் மொத்தப் பரப்பே 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒருபுறம் ஆளுநர் மாளிகை, ஒருபுறம் 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. வளாகம், அவற்றைச் சுற்றி ஓயாமல் வண்டிகள் ஓடும் சாலைகள். மதில் இடிந்த இடத்திலோ, கேட் திறந்திருக்கும் நேரத்திலோ புள்ளிமான்கள் வெளியே வந்துவிடுகின்றன. வந்த மானை வண்டி இடிக்கிறது. தெருநாய்கள் துரத்திப் பின்தொடையைக் கடிக்கின்றன. வேலிக் கம்பி வயிற்றைக் கிழிக்கிறது. அடிபட்ட மான் அதே இடத்தில் கிடந்தால் காப்பாற்றுவது எளிது. அது கிடப்பதில்லை. காலில் வலு இருக்கும்வரை ஓடி, எங்கே புதர் அடர்ந்திருக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. யாரும் தேடாவிட்டால் காயத்தில் ஈ மொய்த்து, புழு வைத்து, நாற்றம் எடுத்த பிறகுதான் துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து சொல்வார். உயிரோடு அது எத்தனை நேரம் அங்கே கிடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் வளாகத்தில் சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். மான் அடிபட்டது என்று தகவல் வந்தால் முதலில் வனத்துறைக்குச் சொல்லிவிடுவோம். அவர்கள் வருவதற்குள் தடத்தைப் பார்த்து வைப்போம். மானைத் தொடுவதோ பிடிப்பதோ எங்கள் வேலை கிடையாது. சட்டமும் அதற்கு இடம் தராது. மான் எந்தப் பக்கம் போனது, எங்கே படுத்திருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. வனக் காவலர் வரும்போது "அந்தப் பக்கம் எங்கோ ஓடியது" என்று கை நீட்டுவதற்கும், "இந்தப் புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறது" என்று காட்டுவதற்கும் நடுவில்தான் ஒரு மானின் உயிர் இருக்கிறது.

இந்தப் பிடிவாதம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் வேட்டைக்காரர். ஜவ்வாது மலை அடிவாரத்தில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தில், உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவர். சட்டம் வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு மான்கறி எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை. வேட்டைக்காக நான் இங்கே வாதாடவில்லை. ஆனால் அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது: சுட்டவன்தான் தேட வேண்டும். குறி தப்பியவனை அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். குண்டு பட்டு ஓடிய மானைத் தேடாமல், இருட்டிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பியவனோடு மறுபடி காட்டுக்குப் போக மாட்டார், பேச்சுவார்த்தைகூட நின்றுவிடும்.

தேடுவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சுட்டதும் பின்னால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் ஒரு கிளையை ஒடித்து அடையாளம் வைப்பார். மான் நின்ற இடத்தையும், அது கடைசியாக மறைந்த இடத்தையும் கண்ணால் குறித்துக்கொள்வார். பிறகு உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். துரத்தினால் மான் இன்னும் மூன்று மடங்கு தூரம் ஓடும்; விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும் என்பது அவர் கணக்கு. பீடி முடிந்ததும் மான் நின்ற இடத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். வெளிர்சிவப்பாக, நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, புளித்த தழை நாற்றத்தோடு இருந்தால் குடல். அதுதான் அவருக்குத் தாங்காது. அந்த மான் உடனே சாகாது, உடனே தேடவும் கூடாது. இரவெல்லாம் விட்டுவிட்டு விடிந்ததும் போக வேண்டும். அன்று இரவு அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் இருட்டிவிட்டால் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றிக்கொண்டு இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் விளக்கைத் தாழப் பிடிப்பார். மற்றவர் இலை இலையாகப் பார்ப்பார்.

அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தெரிந்த ரத்தம், என்னிடம் இருந்த புது எல்.இ.டி. டார்ச்சில் தெரியவில்லை. வெளிச்சம் என்னவோ கண்ணைக் கூசுமளவு இருந்தது. ஆனால் காய்ந்த சருகின் மேல் இருந்த துளி சருகின் நிறத்திலேயே, ஒரு கருப்புப் புள்ளியாகக் கிடந்தது. சருகுகளில் இயல்பாகவே ஆயிரம் கருப்புப் புள்ளிகள் உண்டு. போதாக்குறைக்கு எங்கள் வளாகத்தில் ஆலமரங்கள் நிறைய. மிதிபட்ட ஆலம்பழம், நடைபாதை ஓரத்து வெற்றிலை எச்சில், ரத்தம் மூன்றும் அந்த நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் ஒன்றுபோலவே இருந்தன.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காரணம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. கடைகளில் விற்கும் வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசியிருக்கும் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. ஆழ்ந்த சிவப்பு அதில் சொற்பம். ரத்தத்தின் ஹீமோகுளோபினோ பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்கிக்கொண்டு, ஏறத்தாழ 600 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேற்பட்ட சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும். விளக்கிலேயே இல்லாத சிவப்பை ரத்தம் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? பெட்ரோமாக்ஸின் மேன்டில் என்ற எரியும் வலையின் ஒளியில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருந்தது. அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

கீழே தெருவில் பல கடைகளில் கேட்டுப் பார்த்தேன். "எத்தனை லூமன் வேண்டும்?" என்று வெளிச்சத்தின் அளவைக் கேட்பதைத் தாண்டி யாரும் பேசவில்லை. ஒரு கடையில் ரத்தம் தேட என்றதும் புற ஊதா டார்ச்சை எடுத்து நீட்டினார்கள். புற ஊதா ஒளியில் ரத்தம் ஒளிராது, கருப்பாகத்தான் தெரியும். இருட்டில் ஒளிர வேண்டுமானால் அதற்கு ரத்தம் பட்டால் ஒளிரும் லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளிக்க வேண்டும், அது காட்டில் ஆகிற காரியமா? இன்னொரு கடையில் சிவப்புக் கண்ணாடி மாட்டிய விளக்கைத் தந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புத் துளி வெளிறிப்போய், காய்ந்த புல்லோடு கலந்து காணாமலே போகும். கடைசியில் ஒரு பையன்தான், "மாடியில் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் அம்மா" என்று படிக்கட்டைக் காட்டினான்.

மாடிக் கடைக்காரர் என்னிடம் லூமன் கணக்குக் கேட்கவில்லை. "எதைப் பார்க்கப் போகிறீர்கள் அம்மா?" என்றார். ரத்தம் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். மான் என்றதும் கையில் இருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பெட்டிகளில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு. அது எட்டு வெளிர் நிறங்களை வைத்து எடுத்த சராசரி என்று அவர் விளக்கினார். ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் சேர்த்தியில்லை. அதற்கென்று ஆர்9 என்று தனி எண் இருக்கிறது. சி.ஆர்.ஐ. 80 என்று பெருமையாக எழுதியிருக்கும் விளக்கில் ஆர்9 பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், இருக்கிறது. இறைச்சிக் கடையிலும் துணிக்கடையிலும் அறுவைச் சிகிச்சை அரங்கிலும் பார்க்க வேண்டிய எண் அதுதான் என்றார். பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் விளக்கடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றுவரை இதை யாரும் சொன்னதில்லை.

பேச்சோடு நிறுத்தவில்லை. வளாகத்திலிருந்து ஒரு பை நிறையக் காய்ந்த இலைகள் கொண்டுபோயிருந்தேன். என்னிடமிருந்த லான்செட்டால் விரல் நுனியைக் குத்தி, ஆல இலை ஒன்றில் ஒரு சொட்டு வைத்தேன். பக்கத்திலேயே ஆலம்பழச் சாறு ஒரு சொட்டு. அவர் டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். முதலில் சாதாரண வெள்ளை எல்.இ.டி. இரண்டு சொட்டும் ஒரே கருப்பு. அடுத்து, நிறம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும் மலிவு விலை எல்.இ.டி. இலை அழகாகத் தெரிந்தது, சொட்டு தெரியவில்லை. பிறகு ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தின் 519ஏ என்ற எல்.இ.டி., ஒளியின் நிறச் சாயல் 4,500 கெல்வின். ரத்தச் சொட்டு இலையிலிருந்து எழுந்து வந்தது. ஈரமாகப் பளபளத்த நடுப்பகுதி ஒரு சிவப்பு, காயத் தொடங்கிய விளிம்பு இன்னொரு சிவப்பு. நரம்பு வழியாக ரத்தம் கீழே ஓடிய மெல்லிய கோடுகூடத் தெரிந்தது. பழச்சாறு கத்தரிப்பூ நிறத்தில் தனியாக ஒதுங்கி நின்றது. அந்தத் துளியைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

வேலை என் கண் முன்னாலேயே நடந்தது. டார்ச்சின் தலையைத் திருகி எடுத்து, பழைய எல்.இ.டி. ஒட்டியிருந்த தட்டை அகற்றினார். புதியதைத் தாமிரத் தட்டில் வைத்துச் சூட்டுத் தட்டின் மேல் ஏற்றியதும், ஈயம் உருகிய நொடியில் எல்.இ.டி. தானாக நகர்ந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது. அடியில் வெப்பப் பசை தடவி, நூல் பிசகாமல் பிரதிபலிப்பான் கிண்ணத்தின் மையத்தில் நிறுத்தினார். கிண்ணத்தையும் மாற்றினார். பளபளப்பான கிண்ணம் வெளிச்சத்தைத் தொலைவில் ஒரு புள்ளியாகக் குவிக்கும். சொரசொரப்பானது காலடியில் சீராகப் பரப்பும். தடம் பார்க்கிறவருக்குக் காலடிதான் முக்கியம் என்று, நான் கேட்காமலே அவராகச் சொன்னார்.

மின்கலம் விஷயத்தில் அவர் காட்டிய நேர்மையையும் சொல்ல வேண்டும். நான் கீழே வாங்கி வைத்திருந்த, 18650 என்ற அளவிலான சார்ஜ் செய்யும் கலத்தின் உறையில், கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தராசில் வைத்தார். பிறகு நல்ல கலம் ஒன்றை வைத்தார். அது 47 கிராம். என்னுடையது அதில் ஏறத்தாழப் பாதி. இந்த அளவுக் கலத்தில் 3,500-க்கு வெகுவாக மேல் போட்டிருந்தால் நம்ப வேண்டாம் என்றார். கலம் பாதியில் அணைந்தால் தடமும் பாதியில் போய்விடும். ஒரு கலம் விளக்கிலும் இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் பையிலுமாக இரண்டு வாங்கிக்கொண்டேன். விளக்கு, கலங்கள், சார்ஜர், கூலி எல்லாமாக 2,650 ரூபாய் ஆனது.

இனி அது வேலை செய்த விதம். எங்கள் வளாகச் சாலையில் ஓர் இரவு, உணவு கொண்டுவந்த இளைஞர் ஒருவரின் பைக் ஒரு பெட்டை மானின் மேல் மோதிவிட்டது. வண்டியின் முன்விளக்கு உடைந்து, அவர் முழங்கையும் சிராய்த்திருந்தது. போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் கேட்டுக்கு நடந்துபோய்க் காவலாளியிடம் சொல்லி, எங்களுக்குத் தகவல் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் போனபோது, மான் மறைந்த இடத்துக்கு நேராகச் சாலை ஓரத்தில் தன் ஹெல்மெட்டை வைத்துவிட்டு நின்றிருந்தார். கிளையை ஒடித்து வைக்கும் அப்பாவின் முறை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

தார்ச்சாலையில் ரத்தம் இல்லை. பைக்கின் கால் வைக்கும் கம்பியில் கொத்தாக முடி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். சாலையைவிட்டு இறங்கி ஏழெட்டு அடி போன பிறகு சருகில் முதல் துளி. அந்த இடத்தில் வெள்ளைக் காகிதக் கைக்குட்டையைக் கிழித்து ஒரு துண்டு வைக்கச் சொன்னேன். அடுத்த துளி கிடைக்கும்வரை முந்தைய துளியின் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், தடத்தின் மேல் யாரும் நடக்கக் கூடாது, ஓரமாகத்தான் வர வேண்டும். இதெல்லாம் பெட்ரோமாக்ஸ் காலத்துச் சட்டங்கள். துளியின் ஒரு பக்கம் வால் நீண்டிருந்தால் மான் போன திசை அது. காரைச் செடி ஒன்றில் என் தொடை உயரத்துக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கத்து இலைகளில் மட்டும் தீற்றலாக ரத்தம் பட்டிருந்தது. இடது பின்தொடையில் காயம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தீற்றல் ஒன்று இலையின் அடிப்பக்கத்தில் இருந்தது; மான் நுழைந்தபோது மடங்கிய இலை பிறகு நிமிர்ந்திருக்கிறது. பழைய டார்ச்சாக இருந்தால் அதைக் கண்டிருக்கவே மாட்டேன்.

சிமென்ட் நடைபாதையில் தடம் அறுந்தது. அங்கே ஆலமரம், மிதிபட்ட பழங்கள். திரும்பி நின்று, வைத்து வந்த காகிதத் துண்டுகளின் வரிசையைப் பார்த்தோம். வரிசை நேராக நீர் இறைக்கும் மோட்டார் அறையைக் காட்டியது. நடைபாதையின் மறுபக்கம் சந்தேகமான ஒரு கறை. மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன். வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது. பச்சை இலைச் சாறும் கொஞ்சம் நுரைக்கும் என்பதால் பெராக்சைடை மட்டும் நம்பிவிடக் கூடாது. அங்கே நிறமும் சரியாக இருந்தது, நுரையும் சரியாக இருந்தது.

மோட்டார் அறைக்குப் பின்னால் தலையை நிமிர்த்தியபடி படுத்திருந்தது. முதலில் கண்கள்தான் பச்சையாக மின்னின. அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விளக்கை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, மண்ணை நோக்கித் திருப்பி, வந்த வழியே பின்வாங்குவது. கிட்டே போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் மான் எழுந்து ஓடும். பயந்து ஓடுகிற மானின் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, காயம் ஆறக்கூடியதாக இருந்தாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அது செத்துப்போகும். மான்களிடம் இது அடிக்கடி நடப்பது, கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிந்தது. வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம்; நுரையீரலுக்குள் போய்விடும். வேட்டைக்காரர் காத்திருந்தது மான் உயிரை விடுவதற்காக. நாங்கள் காத்திருப்பது அது உயிரோடு இருப்பதற்காக. ஆனால் காத்திருக்கும் முறை ஒன்றுதான். ஒரே வித்தியாசம், சென்னையில் நாய்கள் காத்திருப்பதில்லை. எனவே தள்ளி நின்று, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, நாய்கள் வராமல் பார்த்துக்கொண்டோம்.

வனத்துறையினர் கால்நடை மருத்துவரோடு வந்தார்கள். வலையை விரித்தார்கள், கண்ணைத் துணியால் மூடினார்கள், ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. பக்கவாட்டில் சாய விடாமல் நெஞ்சு தரையில் படும்படி மானை உட்கார்த்தி வைத்ததைக் கவனித்தேன். அசைபோடும் பிராணி சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பும், இரைப்பை நீர் தொண்டைக்கு ஏறும். எலும்பு முறியவில்லை, தொடைச் சதைதான் கிழிந்திருந்தது. எடுத்துப் போனார்கள். தையல் போட்டு, சில வாரம் வைத்திருந்து, பூங்காவுக்குள் விட்டுவிட்டதாகப் பிறகு வனவர் சொன்னார். அந்த இளைஞருக்கும் சொல்லி அனுப்பினேன். இடையில் அவர் பலமுறை காவலாளியிடம் வந்து விசாரித்திருக்கிறார்.

ஜெர்மனியில் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் காயம்பட்ட விலங்கை வேதனையில் விட்டுவிடக் கூடாது, தாமதமின்றித் தேடி முடிக்க வேண்டும் என்று அந்த நாட்டின் வேட்டைச் சட்டமே சொல்கிறது. ரத்தத் தடம் பிடிப்பதற்கென்றே ஹனோவர், பவேரியா மோப்ப நாய் இனங்களை அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். சாலையில் வண்டி மோதி ஓடிய மானுக்கும் அதே நாயோடு ஆள் வருவார். அமெரிக்காவின் பல மாநிலங்களிலும், சுட்ட விலங்கைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்யாமல் போவது குற்றம். நம் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள், இந்த வேலைக்கு ஆகா. நம் நாட்டுச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது, மிகச் சரி. காயப்படுத்துவதையும் வேட்டைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் தெரியாமல் மோதிவிட்ட வண்டிக்காரர் நின்று தகவல் சொல்ல வேண்டும், மான் போன திசையைக் காட்ட வேண்டும் என்பது நம் ஊரில் அவரவர் மனசாட்சியோடு நின்றுவிடுகிறது. துப்பாக்கி வைத்திருந்தவருக்கு இருந்த பொறுப்பு, ஸ்டீயரிங் பிடித்தவருக்கு ஏன் இருக்கக் கூடாது? நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்லும் பலகையைக் கடந்து எழுபதில் வந்து, மானை மோதிவிட்டு, பம்பரை மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

விளக்கின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தின் அளவு பழையதைவிடக் குறைவு. நிறம் உண்மையாகத் தெரிய வேண்டுமானால் பிரகாசத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், எல்லா எல்.இ.டி.க்கும் அதுதான் கணக்கு. ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதையும் பார்க்க இது உதவாது. தூரத்தில் கண் மின்னுகிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு குவி விளக்கு வேண்டும். முழு அளவில் தொடர்ந்து எரிந்தால் உடல் கையில் பிடிக்க முடியாதபடி சூடாகிறது. நடுத்தர அளவில் வைத்தால் சூடும் இல்லை, தடம் பார்க்கவும் அதுவே போதும். ஐப்பசி மழையில் ஒரு முறை பொத்தானின் ரப்பருக்குள் ஈரம் இறங்கி விளக்கு தானாக மினுங்கத் தொடங்கியது. கடைக்குக் கொண்டுபோனேன். ரப்பர் வளையங்களை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவித் தந்தார், காசு வாங்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அந்த கிரீஸைத் தடவச் சொல்லி ஒரு சின்ன டப்பாவும் கொடுத்தார். எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், மிகக் குறைந்த வெளிச்சம் வர ஐந்து முறை பொத்தானை அழுத்த வேண்டியிருப்பது. மானின் கண் மின்னும் நொடியில் அது நீண்ட நேரம். ஒரே அழுத்தலில் குறைந்த வெளிச்சத்திலிருந்து தொடங்கும் மின்சுற்றுப் பலகையும் அவரிடம் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். புதிதாக வாங்குகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள்.

கடையைப் பற்றி: ரசீது கேட்டால்தான் தருகிறார். உத்தரவாதம் என்று எழுத்தில் எதுவும் கிடையாது, ஆனால் சொன்ன சொல் மாறியதில்லை. கூட்டம் இருந்தால் வேலையை அவசரப்படுத்த மாட்டார். மறுநாள் வரச் சொல்வார். படிக்கட்டு என் வயதுக்காரர்களுக்குக் கடினம், கைப்பிடியும் ஒரு பக்கம்தான். கீழே உள்ள செல்போன் கடையில் சொல்லிவிட்டால் அவரே இறங்கி வருகிறார்.

போகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வீட்டில் நல்ல உலோக உடலோடு பழைய டார்ச் கிடந்தால் அதையே எடுத்துப் போங்கள், எல்.இ.டி.யும் கூலியும் மட்டும்தான் செலவு. 519ஏ என்று கேளுங்கள், 4,500 கெல்வின், சொரசொரப்புக் கிண்ணம். கையோடு காய்ந்த இலை நாலைந்து கொண்டுபோய், டியூப் லைட்டை அணைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அணைக்க அவர் யோசிக்க மாட்டார்.